வெள்ளை, இளஞ்சிவப்பு, மஞ்சள்: உங்கள் எம்எல்ஏவின் கணக்கைப் படிப்போம்

[திரையில்: பெங்களூர் லிங்கராஜபுரத்தில் ஒரு சந்து, மாலை நேரம். வாசல்படியில் ஓர் அட்டைப்பெட்டி.]

வணக்கம். 2023 மே மாதம் கர்நாடக சட்டமன்றத் தேர்தல் நடப்பதற்குச் சில வாரம் முன்னால், எங்கள் சந்துக்குள் ஒரு ஆட்டோ வந்து நின்றது. இரண்டு பையன்கள் இறங்கி, வீட்டுக்கு ஒரு பிரஷர் குக்கர் வைத்துவிட்டுப் போனார்கள். யார் கொடுத்தது, எந்தக் கட்சி என்று சொல்லப்போவதில்லை. பெட்டி மேல் ஒரு படம் ஒட்டியிருந்தது. உள்ளே ஐந்து லிட்டர் குக்கர். வாரன்டி சீட்டில் கடை முத்திரை இல்லை, தேதியும் இல்லை.

பக்கத்து வீட்டு அக்கா, "யாருக்கு ஓட்டுப் போடணும்னு எனக்குத் தெரியும் தம்பி. வந்த குக்கரை எதுக்குத் திருப்பி அனுப்பணும்?" என்றார். எனக்கு வேறொன்று மனதில் ஓடியது. இந்தக் குக்கரை யார், எந்தக் கணக்கில் எழுதுவார்கள்?

எந்தக் கணக்கிலும் வராது. வாக்காளருக்குப் பரிசு கொடுப்பது சட்டப்படி லஞ்சம், அதை யாரும் செலவென்று எழுதிக் காட்டமாட்டார்கள். பிடிபட்டால்தான் வெளியே தெரியும். அந்தத் தேர்தலில் கர்நாடகத்தில் பணம், மது, தங்கம், பரிசுப் பொருள் எல்லாம் சேர்த்துப் பிடிபட்டது சுமார் 375 கோடி ரூபாய் என்று தேர்தல் ஆணையம் சொன்னது. 2018 தேர்தலில் பிடிபட்டதைப்போல இது நாலரை மடங்கு.

சரி, கணக்கில் வருவது என்ன?

[திரையில்: மூன்று நிறத் தாள்கள்]

கர்நாடகத்தில் சட்டமன்றத் தொகுதிக்கு ஒரு வேட்பாளர் அதிகபட்சம் 40 லட்சம் செலவு செய்யலாம். 2022 ஜனவரியில் வந்த வரம்பு இது. வேட்புமனு கொடுப்பதற்கு ஒரு நாளாவது முன்பு தேர்தலுக்கென்று தனி வங்கிக் கணக்கு தொடங்க வேண்டும். கையில் ஒரு பதிவேடு கொடுப்பார்கள், அதில் மூன்று நிறம். வெள்ளைத் தாளில் அன்றாடச் செலவு, இளஞ்சிவப்பில் ரொக்கம், மஞ்சளில் வங்கி வரவு செலவு. கூட்டத்தில் கொடுத்த டீ, வாடகைக்கு எடுத்த நாற்காலி, ஷாமியானா, மைக் செட், மாலை என்று ஒவ்வொன்றுக்கும் மாவட்டத் தேர்தல் அதிகாரி கட்சிகளைக் கலந்து ஒரு விலைப்பட்டியல் போட்டிருப்பார். "என் மச்சான் கடை, சும்மாவே கொடுத்தார்" என்று வேட்பாளர் சொல்லிவிட முடியாது. பட்டியல் விலைதான் கணக்கு.

அவர்கள் எழுதுவதை மட்டும் நம்பி ஆணையம் உட்காருவதில்லை. வீடியோக் குழு கூட்டத்தைப் படம் எடுக்கும். நாற்காலி எத்தனை, வண்டி எத்தனை என்று எண்ணி, அதிகாரிகள் தனியாக ஒரு நிழல் பதிவேடு எழுதுவார்கள். பிரச்சாரம் முடிவதற்குள் குறைந்தது மூன்று தடவை இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவார்கள். முடிவு வந்த 30 நாளுக்குள் முழுக் கணக்கும் போய்ச் சேர வேண்டும். தகுந்த காரணம் இல்லாமல் கொடுக்காதவரை மூன்று வருடம் தேர்தலில் நிற்கவிடாமல் தகுதி நீக்கம் செய்ய ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு.

இந்தப் பதிவேட்டின் நகலை நீங்களும் நானும் வாங்கலாம். பக்கத்துக்கு ஒரு ரூபாய். நான் முதல்முறை இதைக் கேள்விப்பட்டபோது நம்பவில்லை. ஒரு டீயின் விலையில் பல பக்கம் கிடைக்கும். சொந்தப் பணம் எவ்வளவு, கட்சி கொடுத்தது எவ்வளவு, வெளியாள் நன்கொடை எவ்வளவு, கடன் எவ்வளவு என்பதெல்லாம் அதில் இருக்கும்.

இப்போது ஓட்டை எங்கே என்று பார்ப்போம். 40 லட்சம் என்ற வரம்பு வேட்பாளருக்கு மட்டும்தான். கட்சி எவ்வளவு செலவு செய்தாலும் கேட்பாரில்லை, அதற்கு வரம்பே கிடையாது. கட்சியின் நட்சத்திரப் பேச்சாளர் ஹெலிகாப்டரில் வந்து இறங்கினால் அந்தப் பயணச் செலவு வேட்பாளர் தலையில் விழாது. அதே மேடையில் வேட்பாளர் ஏறினாலோ, அவர் படமும் பெயரும் பேனரில் இருந்தாலோ, கூட்டச் செலவில் ஒரு பங்கு அவர் கணக்கில் சேரும். அதனால்தான் சில பெரிய கூட்டங்களில் உள்ளூர் வேட்பாளர் மேடைக்குக் கீழே நிற்பார். அடுத்த தடவை கவனித்துப் பாருங்கள்.

கட்சிக்குப் பணம் எங்கிருந்து வருகிறது? 20,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தவர் பெயரைக் கட்சி ஆணையத்திடம் சொல்ல வேண்டும். அதற்குக் கீழே என்றால் சொல்ல வேண்டியதில்லை. 2018 முதல் தேர்தல் பத்திரம் என்று ஒன்று வந்தது, பாரத ஸ்டேட் வங்கியில் வாங்கிப் பெயர் தெரியாமல் கொடுக்கலாம். சுமார் 16,500 கோடி ரூபாய்க்குப் பத்திரம் விற்ற பிறகு, 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு அது செல்லாது என்று தீர்ப்பளித்தது. யார் வாங்கினார், யாருக்குப் போனது என்ற பட்டியல் அடுத்த மாதமே வெளிவந்தது. அத்தனை வருடம் அந்தப் பட்டியலைப் பார்க்காமலே நாம் வரிசையில் நின்று ஓட்டுப் போட்டிருக்கிறோம் என்பது எனக்கு இன்னும் ஆறாத வருத்தம்.

[திரையில்: பிரமாணப் பத்திரத்தின் முதல் பக்கம்]

அடுத்தது பிரமாணப் பத்திரம், படிவம் 26. சொத்து, கடன், வழக்கு, படிப்பு எல்லாவற்றையும் வேட்பாளர் சத்தியம் செய்து எழுதித் தர வேண்டும் என்பது 2002, 2003இல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளால் கிடைத்த உரிமை. ஐந்து வருட வருமான வரிக் கணக்கும் அதில் இருக்கும், மனைவி அல்லது கணவருடையதும் சேர்த்து. ஆணையத்தின் இணையதளத்தில் யாரும் இறக்கிக்கொள்ளலாம்.

சொத்துத் தொகையை மட்டும் பார்த்துவிட்டு வாயைப் பிளந்து மூடிவிடாதீர்கள். கோவிந்தராஜநகர் எம்எல்ஏ பிரியா கிருஷ்ணா 2023இல் காட்டிய சொத்து சுமார் 1,156 கோடி. அதே பத்திரத்தில் அவர் காட்டிய கடன் சுமார் 881 கோடி. இதில் தப்பு என்று நான் சொல்லவில்லை, அவரே எழுதிக் கொடுத்த எண்கள் இவை. இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் படம் முழுதாகும். யாருடைய பத்திரமாக இருந்தாலும் கடன் யாரிடம் வாங்கியது என்ற வரியைத் தேடுங்கள். ஒருவர் யாருக்குக் கடன்பட்டிருக்கிறார் என்பது அவர் எந்தக் கோப்பில் அக்கறை காட்டுவார் என்பதற்கு நல்ல தடயம். கர்நாடகத்தில் இன்னொரு வசதியும் உண்டு. எம்எல்ஏக்கள் வருடா வருடம் ஜூன் 30க்குள், ஊழல் புகார்களை விசாரிக்கும் லோகாயுக்தாவிடம் சொத்துக் கணக்கு கொடுக்க வேண்டும்.

இவ்வளவு ஏன் தோண்ட வேண்டும் என்றால், பெங்களூரில் எம்எல்ஏவின் கை மற்ற ஊர்களைவிட நீளம். மாநகராட்சிக்குக் கடைசியாகத் தேர்தல் நடந்தது 2015இல். 2020 செப்டம்பர் 10 அன்று அந்த மாமன்றத்தின் காலம் முடிந்தது. அதன்பின் ஐந்து வருடத்துக்கு மேல் வார்டுக்கு ஒரு கார்ப்பரேட்டர், அதாவது மாமன்ற உறுப்பினர் கூட இல்லை. ஹலசூரில் சாக்கடை அடைத்தாலும் ஸ்ரீராம்புரத்தில் காவேரித் தண்ணீர் வராவிட்டாலும் மக்கள் போய் நிற்பது எம்எல்ஏ அலுவலக வாசலில்தான். தொகுதி நிதி வருடத்துக்கு இரண்டு கோடி. ஆனால் அவருடைய உண்மையான பலம், எந்தத் தெருவுக்கு முதலில் தார் போடுவது, யார் எந்த அலுவலகத்துக்கு மாற்றலாகி வருவது என்று சொல்கிற அந்த ஒரு சிபாரிசுக் கடிதத்தில் இருக்கிறது.

அந்தப் பலத்துக்கு மேலிடத்திலும் விலை உண்டு. 2019இல் ஆளும் கூட்டணியின் 17 எம்எல்ஏக்கள் விலகிப் போனதில் அன்றைய கர்நாடக முதல்வர் குமாரசாமியின் அரசு 99க்கு 105 என்று நம்பிக்கை வாக்கெடுப்பில் கவிழ்ந்தது. கே.ஆர்.புரம், மகாலட்சுமி லேஅவுட், சிவாஜிநகர் உட்பட ஐந்து பேர் நம் பெங்களூர்த் தொகுதிக்காரர்கள். அவர்களை அனுப்பிய வாக்காளரிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சட்டமன்றத்தில் அவர் என்ன பேசினார் என்பதையும் பாருங்கள். கேள்வி பதில்கள் அவையின் இணையதளத்தில் இருக்கின்றன, பெரும்பாலும் கன்னடத்தில். நம்மில் நிறையப் பேருக்குக் கன்னடம் சரளமாகப் பேச வரும், படிக்க வராது. நானும் அப்படித்தான். என் அக்கா மகள் எட்டாம் வகுப்பு, பள்ளியில் கன்னடம் படிக்கிறாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளை உட்காரவைத்து எங்கள் தொகுதியின் பெயரைத் தேடச் சொன்னேன். விரலை வைத்து வரி வரியாக வாசித்தாள். ஒன்றரை மணி நேரம் தேடியதில் எங்கள் சாக்கடையைப் பற்றி ஒரு கேள்வியும் அகப்படவில்லை. "நாமே எழுதி அனுப்பலாமா மாமா?" என்றாள். அன்று சாயங்காலமே கன்னடத்தில் ஒரு பக்கம் அவள் எழுத, சந்தில் பதினோரு வீட்டார் கையெழுத்துப் போட்டார்கள். குக்கரைத் திருப்பி அனுப்பாத அந்த அக்காதான் முதல் கையெழுத்து.

[திரையில்: அந்தக் கடிதம். கையெழுத்துகள் மறைக்கப்பட்டுள்ளன.]