நடத்தாத பாடத்துக்கு ஏன் பரீட்சை?

(அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்கான பயிற்சிக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தலைமையாசிரியப் பெருமக்களே, ஆசிரிய நண்பர்களே, வணக்கம்.

நம் பள்ளிச் சுவர்களில் என்ன எழுதி வைத்திருக்கிறோம்? ஓடாதே, கத்தாதே, கிறுக்காதே, குப்பை போடாதே. எல்லாம் ‘ஆதே’ மயம். இதில் எதையாவது எந்தப் பீரியடிலாவது நடத்தியிருக்கிறோமா? ஓடக்கூடாது, சரி. பெல் அடித்ததும் மூன்றாம் வகுப்புப் பையன் நாற்பது பேரோடு படியில் எப்படி இறங்குவது? அதைச் சொல்லித் தராமலே அவனை முட்டி போட வைத்தோம். வகுத்தலை நடத்தாமல் கணக்குப் பரீட்சை வைத்தால் பெற்றோர் சும்மா விடுவார்களா?

பிரம்பின் காலம் போய்விட்டது. 2003-இல் தமிழ்நாடு கல்வி விதிகளின் 51-ஆம் விதி, உடல் தண்டனையைத் தடை செய்யும்படி திருத்தப்பட்டது. 2010-இல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, உடல் தண்டனையோடு மனத்தைத் துன்புறுத்துவதையும் தடை செய்தது. “அடிக்கவும் கூடாது, திட்டவும் கூடாது, அப்புறம் எப்படி சார் சமாளிக்கிறது?” என்று ஸ்டாஃப் ரூமில் கேட்கிறோம். நியாயமான கேள்விதான். கையிலிருந்ததை வாங்கிக்கொண்டவர்கள் பதிலுக்கு ஒன்றும் தரவில்லையே என்ற ஆதங்கம் எனக்கும் உண்டு.

1990-களில் அமெரிக்காவின் ஓரிகான் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் சுகாய், ராப் ஹார்னர் முதலானோர் வளர்த்தெடுத்த முறை ஒன்று இருக்கிறது. பள்ளி முழுமைக்கும் மூன்று முதல் ஐந்து எதிர்பார்ப்புகள் மட்டுமே. அவையும் ‘இப்படிச் செய்’ என்ற வடிவில். ஒவ்வோர் இடத்திலும் அதற்கு என்ன அர்த்தம் என்று எழுதி, பிள்ளைகளை அங்கேயே கூட்டிப்போய்ப் பழக்குவார்கள்.

நம் ஊருக்கு வருவோம். மதியம் தட்டுக் கழுவும் குழாயடி. ஆறு குழாய் இருக்கும், நான்கில்தான் தண்ணீர் வரும். மீந்த சோறு வாய்க்காலை அடைக்கும், தேங்கிய தண்ணீரில் ஒருவன் வழுக்குவான், அவன் தட்டிலிருந்த சாம்பார் அடுத்தவன் சட்டையில் தெறிக்கும். அங்கேயே அடிதடி. ‘பிறரை மதிப்போம்’ என்ற வாசகத்துக்கு இந்த இடத்தில் என்ன பொருள்? மிச்சத்தை முதலில் வாளியில் கொட்டு. ஒரு குழாய்க்கு ஒரு வரிசையாக நில். கழுவியதும் குழாயை மூடிவிட்டு மறுபக்கமாகப் போ. ஆசிரியரே ஒரு தட்டை எடுத்துப்போய்ச் செய்து காட்ட வேண்டும். தப்பாகச் செய்வதையும் அவரே நடித்துக் காட்டட்டும். பிள்ளைகள் வயிறு வலிக்கச் சிரிப்பார்கள், மறக்கவும் மாட்டார்கள். பொங்கல் விடுமுறை முடிந்து வந்ததும் இன்னொரு முறை. ஒன்று மட்டும்: வாளியே வைக்காமல் ‘வாளியில் கொட்டு’ என்று எழுதிவிடாதீர்கள்.

அடுத்து, நம் கிளாஸ் லீடர். பேசியவர்கள் பெயரைப் பலகையில் எழுதி, மறுபடி பேசினால் பக்கத்தில் இன்டூ போடுவார். அவருடைய கூட்டாளி பெயர் மட்டும் அதில் வரவே வராது! இந்த வேலையை லீடரிடமிருந்து வாங்கிவிடலாம். “குழாயை மூடிட்டு வந்தியே, பார்த்தேன்” என்று நாம் சொல்வது போதும். எதற்கென்று சொல்லாத ‘வெரி குட்’டால் பயனில்லை. ஸ்டார், ஸ்டிக்கர் கொடுப்பதில் எனக்கு அரை மனசுதான். எண்ணிக்கைச் சண்டை வந்துவிடும்.

தமிழ் அம்மா வகுப்பில் சரியென்பது பி.டி. சார் முன்னால் குற்றமானால், பிள்ளைகள் விதியை விட்டுவிட்டு வாத்தியார் முகத்தைப் படிக்கத் தொடங்குவார்கள். எனவே சத்துணவு அக்கா, வாட்ச்மேன் அண்ணன் வரை எல்லோர் வாயிலும் ஒரே சொல் வர வேண்டும்.

2023-இல் நாங்குநேரியில் பட்டியலின மாணவர் ஒருவரைச் சாதி வெறியில் சக மாணவர்களே வீடு புகுந்து வெட்டியதை நாம் மறக்கவில்லை. அதன்பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024-இல் அறிக்கை தந்தது. சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளைத் தடுக்கச் சொன்னது எல்லோருக்கும் தெரியும். மாணவர்களை அகரவரிசைப்படி உட்கார வைக்கச் சொன்னதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. எனக்கு இதில்தான் நம்பிக்கை கூடுதல். கயிற்றை அவிழ்த்துப் பைக்குள் வைத்துக்கொள்ளலாம். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனோடு ஒரு வருடம் பேசாமல் இருக்க முடியாது.

இத்தனைக்கும் பிறகும் மாறாத ஓரிரு பிள்ளைகள் இருப்பார்கள். அவர்களோடு தனியாக உட்கார வேண்டும், வீட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டும். அது இன்னொரு நாள் பேச வேண்டியது.

பின்வரிசை மேஜையில் சார்ட்டும் ஸ்கெட்ச் பேனாவும் இருக்கின்றன. பள்ளிவாரியாக உட்காருங்கள். உங்கள் பள்ளியில் அதிகம் சண்டை நடக்கும் ஓர் இடத்தைத் தேர்ந்து, மூன்று வரி எழுதுங்கள். ‘ஆதே’ ஒன்றுகூட வரக்கூடாது. டீ வருவதற்குள் முடித்துவிடலாம்.