ஹெர்பல் பவுடர் டப்பாவ கொஞ்சம் பின்னாடி திருப்பிப் பாருங்கப்பா!

ஹாய் ஹாய், எல்லாரும் எப்படி இருக்கீங்க? போன வீடியோல பாதி கமென்ட் ஒரே கேள்விதான், அக்கா அந்த லேடீஸ் ஹெர்பல் பவுடர் வாங்கலாமா, முடி கொட்டுது, படி ஏறினா மூச்சு வாங்குது, பீரியட்ஸ்ல தலை சுத்துதுன்னு. சரி, வாங்கியே வச்சிருக்கேன், இருங்க ஃபோகஸ் ஆகட்டும். முன்னாடி பாருங்க, தண்ணீர்விட்டான் கிழங்கு, முருங்கை, அஸ்வகந்தான்னு பூ படம்லாம் போட்டு பெருசா இருக்கு. நீங்க சொன்னதெல்லாம் இரும்புச்சத்து கம்மியானாலும் வரும்ல, அதான் பின்னாடி இரும்புச்சத்து எவ்ளோன்னு பொடி எழுத்துல தேடினா ஒரு ஸ்கூப்புக்கு 2 மில்லிகிராம்! ஐசிஎம்ஆர், அதாவது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், லேடீஸ் நமக்கு சொல்றது ஒரு நாளைக்கு 29 மில்லிகிராம். யானைப் பசிக்கு சோளப்பொரி.

அதே சமயம் ஸ்கூல்ல வாரா வாரம் ஃப்ரீயா குடுக்குற நீல மாத்திரை இருக்குல்ல, அதுல இரும்பு 60 மில்லிகிராம், கூட ஃபோலிக் ஆசிட் 500 மைக்ரோகிராம், அத ஜன்னல் வழியா வீசிட்டு இத ஆயிரக்கணக்குல குடுத்து வாங்குறோம், என்னத்த சொல்ல.

சித்தாதான் வேணும்னா அதுவும் இருக்கு. தாம்பரம் சானடோரியத்துல தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கே, அவங்க டீன்ஏஜ் பொண்ணுங்களுக்கு அன்னபேதி செந்தூரம், பாவன கடுக்காய், மாதுளை மணப்பாகு, நெல்லிக்காய் லேகியம்னு சேத்து 45 நாள் குடுத்தாங்க, 2,300 பேர் முழுசா முடிச்சிருக்காங்க, ஹீமோகுளோபின் ஏறியிருக்குன்னு 2024ல ஆராய்ச்சிக் கட்டுரையும் வந்துச்சு. இதுல ஒரு விஷயம், செந்தூரம் பண்ண எடுக்குற அன்னபேதியே ஃபெரஸ் சல்ஃபேட்ங்கற இரும்பு உப்புதான், நீல மாத்திரைலயும் அதே உப்புதான்! ஆனா இந்த செந்தூரத்த சித்தா டாக்டர் பாத்து குடுக்கணும், நாமளா கடைல வாங்கி முழுங்கக்கூடாது.

அஸ்வகந்தா பத்தியும் கேட்டிருந்தீங்க. தைராய்டு மாத்திரை போடுறவங்க, லிவர் பிரச்சனை இருக்குறவங்க, கர்ப்பமா இருக்குறவங்க அது பக்கம் போகாதீங்க. முடிக்கு பயோட்டின்ங்கற வைட்டமின் மாத்திரை சாப்பிடுறவங்க பிளட் டெஸ்ட்டுக்கு முன்னாடி லேப்ல சொல்லிடுங்க, தைராய்டு ரிசல்ட்டையே அது தப்பா காட்டும்.

மொதல்ல ரெண்டு பிளட் டெஸ்ட் எடுங்க, ஹீமோகுளோபின் பாக்குற சிபிசி, உடம்புல இரும்பு எவ்ளோ சேத்து வச்சிருக்குன்னு காட்டுற ஃபெரிட்டின். ஹீமோகுளோபின் 12க்கு கீழன்னா டாக்டர்கிட்ட போங்க, 12க்கு மேல இருந்தும் ஃபெரிட்டின் காலியா இருக்கலாம், அதான் ரெண்டும் சொல்றேன். டாக்டர் இரும்பு மாத்திரை குடுத்தா டீ, காபியோட போடாதீங்க, ஒரு மணி நேரமாச்சும் கேப் விடுங்க, கால்சியம் மாத்திரையும் தனி வேளைல. எலுமிச்சை ஜூஸோட போட்டா நல்லா உடம்புல சேரும், வயிறு பொரட்டுச்சுன்னா ராத்திரி சாப்பிட்டு போடுங்க. அப்புறம் டாய்லெட் கருப்பா போகும், பயந்துட்டு நிறுத்திடாதீங்க, அது இரும்போட கலர்தான்!