பதறாத காரியம் சிதறாது
(நாவல் எழுதத் தொடங்குவோருக்கான பயிலரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

விழாத் தலைவர் அவர்களே, வரவேற்புரையில் அன்பைக் கொட்டிய வாசகர் வட்டத் தலைவர் அவர்களே, எத்தனையோ அலுவல்களுக்கு நடுவில் வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் நகர்மன்றத் தலைவர் அவர்களே, இந்த அரங்கைக் கட்டணமில்லாமல் தந்த மாவட்ட நூலக அலுவலர் அவர்களே, தமிழ்த்துறைப் பேராசிரியப் பெருமக்களே, நோட்டும் பேனாவுமாக வந்திருக்கும் இளைஞர்களே, உங்கள் அனைவருக்கும் என் வணக்கம். காலையிலிருந்து நாற்காலி போட்டு, மைக் கட்டி, இப்போது சுக்குக் காப்பி கொண்டுவந்து கொடுக்கும் நூலகப் பணியாளர்களுக்குத் தனியாக ஒரு வணக்கம்.

நாவலைப் பற்றிப் பேச மயிலாடுதுறையைவிடப் பொருத்தமான ஊர் இல்லை. 1879-இல் அச்சேறிய தமிழின் முதல் நாவலை எழுதிய வேதநாயகம் பிள்ளை, முன்சீப்பாக இருந்த மாயூரம் இது.

ஐந்து செய்திகள் சொல்ல வந்திருக்கிறேன்: தினசரி அளவு, காலமும் இடமும், உரையாடல், தலைப்பும் தொடக்கமும், திருத்தம். ஐந்துக்கும் அடியில் ஓடுவது நம் பாட்டிமார் சொன்ன ஒரே சொல்தான்: பதறாத காரியம் சிதறாது.

முதலில் அளவு. நடுத்தர நாவல் ஒன்று அறுபதாயிரம் சொற்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாளுக்கு 400 சொல் எழுதினால் 150 நாளில் முதல் பிரதி கையில் இருக்கும். ஒரே ராத்திரியில் மூவாயிரம் சொல் எழுதி, பிறகு பத்து நாள் தொடாமல் இருப்பவர்கள்தான் நடுவில் விட்டுவிடுகிறார்கள். பத்து நாளில் கதைமாந்தரின் குரல் காதிலிருந்து போய்விடுகிறது. திரும்பி வரும்போது அவர்கள் வேறு ஆளாகப் பேசுகிறார்கள். இன்னொன்று: அன்றைய எழுத்தை ஒரு காட்சியின் பாதியில் நிறுத்துங்கள். மறுநாள் வெற்றுத் தாளைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியிருக்காது.

அடுத்தது காலமும் இடமும். நாவலுக்கென்று ஒரு தனி நோட்டு போடுங்கள். ஒவ்வொரு மாந்தருக்கும் ஒரு பக்கம். பிறந்த ஆண்டு, படிப்பு, எந்த வயதில் எது நடந்தது, யாரை என்ன முறை சொல்லி அழைப்பார் என்பது வரை எழுதி வையுங்கள். கடைசிப் பக்கத்தில் வீட்டின் படம் வரையுங்கள். கிணறு கொல்லையில் இருக்கிறதா, முற்றத்தில் இருக்கிறதா என்பது பத்தாம் அத்தியாயத்தில் மாறக்கூடாது. 1972-இல் கதாநாயகன் பிளஸ் டூ தேர்வு எழுதுவதாக ஒரு வரி வந்தால் போதும், கதை அங்கேயே நின்றுவிடும். தமிழ்நாட்டில் பிளஸ் டூ வந்ததே 1978-இல்தான்; அதற்கு முன்பு பள்ளியில் பதினோராம் வகுப்பும், கல்லூரியில் பி.யூ.சி. என்ற ஓராண்டுப் புகுமுக வகுப்பும். 1950-இல் நடக்கும் கதையில் நயா பைசா கூடாது. அது 1957 ஏப்ரலில் வந்தது. நம் ஊர்க்காரர்களுக்கு ஒன்று சொல்லவே வேண்டாம்: ஆனி, ஆடியில் நட வேண்டிய குறுவை நெல்லைத் தை மாதத்தில் யாராவது நடுவதாக எழுதினால், காவிரிக் கரையில் அந்தப் புத்தகத்தை மூடி வைத்துவிடுவார்கள்.

உரையாடலுக்கு ஒரு சோதனை உண்டு. பேசுபவர்களின் பெயரை அட்டையால் மறைத்துவிட்டுப் படியுங்கள். யார் பேசுவது என்று தெரியாவிட்டால், எல்லோருக்கும் உங்கள் குரலையே கொடுத்திருக்கிறீர்கள். வட்டார வழக்கை ஒவ்வொரு சொல்லிலும் அள்ளிக் கொட்டாதீர்கள். நெல்லைக்காரர் என்றால் ‘சொல்லுதான்’, கொங்குக்காரர் என்றால் ‘ஏனுங்க’ போல நான்கைந்து அடையாளங்களைத் தேர்ந்து, அவற்றைக் கடைசிவரை பிசகாமல் காப்பாற்றுங்கள்.

உணர்ச்சிக்குப் பெயர் வைப்பதுதான் புதியவர்களிடம் அதிகம் காணும் பிழை. இதைக் கேளுங்கள்: ‘முருகன் கோபத்துடன் வீட்டுக்கு வந்தான். செல்வியிடம் சாப்பாடு கேட்டான். அவள் பதில் சொல்லவில்லை. அவன் வருத்தப்பட்டான்.’ இரண்டு கோளாறு இருக்கிறது. கோபம், வருத்தம் என்று சீட்டு ஒட்டியிருக்கிறது; வாக்கியமெல்லாம் ‘வந்தான், கேட்டான்’ என்று ஒரே தாளத்தில் முடிகிறது. தமிழில் வினை கடைசியில் வருவதால் இந்தத் தாளம் சீக்கிரம் அலுத்துவிடும். இப்போது இப்படி: ‘செருப்போடு அடுக்களை வரைக்கும் வந்துவிட்டான் முருகன். “சோறு இருக்கா?” செல்வி பாத்திரம் துலக்குவதை நிறுத்தவில்லை. அவன் காலை மட்டும் ஒருமுறை பார்த்தாள். சோற்றுப்பானை அவள் கையில்தான் இருந்தது.’ கோபம் செருப்பில் இருக்கிறது, பதில் பானையில் இருக்கிறது. எதற்கும் பெயர் வைக்கவில்லை.

தலைப்பும் தொடக்கமும் பற்றிச் சொல்ல நிறைய உண்டு. நேரம் கருதி அதைத் தாண்டுகிறேன். திருத்தம் என்ற ஐந்தாவது செய்திக்காகத்தான் நான் இவ்வளவு தூரம் வந்தேன்.

ஒரு கதை சொல்கிறேன். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் மன்ரோவில் என்று ஒரு சின்ன ஊர். அங்கிருந்து ஹார்ப்பர் லீ என்ற பெண் நியூயார்க் வந்து, விமான நிறுவனத்தில் டிக்கெட் பதிவு செய்யும் வேலை பார்த்தார். 1956 கிறிஸ்துமஸுக்கு நண்பர்கள் ஒரு பரிசு கொடுத்தார்கள். என்ன பரிசு தெரியுமா? ஒரு வருஷச் சம்பளம்! ‘வேலையை விடு, எழுது’ என்றார்கள். எழுதினார். 1957-இல் பிரதி லிப்பின்காட் பதிப்பகத்துக்குப் போனது. அங்கே டே ஹோஹாஃப் என்று ஓர் அம்மையார், எடிட்டர். படித்துவிட்டு, சம்பவங்கள் இருக்கின்றன, அவை இன்னும் நாவலாகக் கோக்கப்படவில்லை என்றார். வளர்ந்த பெண் ஊர் திரும்பும் கதை அது. இடையிடையே வரும் குழந்தைப்பருவ நினைவுகள்தான் அந்த அம்மையாருக்கு உயிராகத் தெரிந்தன. கதையைக் குழந்தையின் பக்கமிருந்து சொல் என்றார். திரும்ப எழுதினார் லீ. திரும்பத் திரும்ப எழுதினார். ஒரு குளிர்கால இரவில் வெறுத்துப்போய் ஜன்னலைத் திறந்து, தாள்களை எல்லாம் பனியில் வீசிவிட்டார் என்று அவர் வாழ்க்கை வரலாற்றில் பதிவாகியிருக்கிறது. வீசிவிட்டு அழுதுகொண்டே எடிட்டருக்குத் தொலைபேசி போட்டார். அந்த அம்மையார் என்ன சொன்னார்? கீழே இறங்கிப் போய்ப் பொறுக்கி எடுத்து வா என்றார்! இருட்டில், பனியில், ஒவ்வொரு தாளாக. அந்தத் தாள்களிலிருந்து 1960 ஜூலையில் வெளிவந்ததுதான் ‘டு கில் எ மாக்கிங்பேர்ட்’. அடுத்த ஆண்டே புலிட்சர் பரிசு. முதலில் எழுதிய பிரதியும் 2015-இல் ‘கோ செட் எ வாட்ச்மேன்’ என்று அச்சானது. இரண்டையும் அடுத்தடுத்துப் படியுங்கள். ஓர் எடிட்டர் என்ன செய்வார் என்பதைக் கண்ணால் பார்க்கலாம். பதறாத காரியம் சிதறாது. பனியில் சிதறியதையும் பொறுக்கி எடுக்கச் சொல்ல ஓர் ஆள் வேண்டும்.

நம்மிடம் அந்த ஆள் எங்கே? மெய்ப்புத் திருத்துபவர் இருக்கிறார். அவர் ஒற்றுப்பிழை பார்ப்பார், றகர ரகரம் பார்ப்பார். அது பெரிய பணி, வணங்குகிறேன். ஆனால் மூன்றாம் அத்தியாயம் தேவையில்லை என்று சொல்வது அவர் வேலையில்லை. ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சி. நவம்பரில் நாவலை முடித்து, டிசம்பரில் அச்சுக்கு அனுப்புகிறோம். நடுவில் இன்னொரு கண் படவே இல்லை. ஐம்பது பிரதிகூட அச்சிட்டுக்கொள்ளலாம் என்ற வசதி வந்த பிறகு, அந்தக் கண்ணுக்காகக் காத்திருக்கும் வழக்கமும் போய்க்கொண்டிருக்கிறது. எனக்கு இது பெரிய வேதனை.

எடிட்டர் கிடைக்கும்வரை நீங்கள் செய்யக்கூடியது: பிரதி முடிந்ததும் ஒரு மண்டலம், 48 நாள், தொடாதீர்கள். பிறகு அச்செடுத்து, வாய்விட்டுப் படியுங்கள். நாக்கு தடுக்கும் இடத்தில் ஒரு கோடு, மனம் தாவி ஓடும் இடத்தில் ஒரு வட்டம். முதல் சுற்றில் சொல்லைத் தொடாதீர்கள். காட்சி வேண்டுமா வேண்டாமா என்று மட்டும் பாருங்கள். நாளைக்கு வெட்டப்போகும் பக்கத்தை இன்றைக்கு மெருகேற்றுவது வீண் உழைப்பு. பிறகு உங்கள் உறவில்லாத மூன்று பேரிடம் கொடுத்து, ‘நன்றாக இருக்கிறதா’ என்று கேட்காமல், ‘எங்கே கீழே வைத்தீர்கள்’ என்று கேளுங்கள். மூவரும் ஒரே பக்கத்தைச் சொன்னால் கோளாறு அதற்குப் பத்துப் பக்கம் முன்னால் இருக்கும்.

மேடையில் இருக்கும் பெரியோர்களுக்கு இரண்டு கோரிக்கை. பதிப்பாளர்கள் தங்கள் புத்தகத்தின் பதிப்பு விவரப் பக்கத்தில் எடிட்டரின் பெயரை அச்சிட வேண்டும்; பெயர் போட இடம் விட்டால் ஆளைத் தேட வேண்டியிருக்கும். நூலக அலுவலர் அவர்கள், மாதத்தில் ஒரு ஞாயிறு மாலை இந்த அரங்கைப் பிரதி வாசிப்புக்குத் தர வேண்டும். அச்சுக்குப் போகும் முன், எழுதியவர் வாசிக்க, நாம் உட்கார்ந்து கேட்போம். பதறாத காரியம் சிதறாது. கோரிக்கை மனு வாசலருகே மேசையில் இருக்கிறது. காப்பியைக் குடித்துவிட்டு மறக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். நன்றி, வணக்கம்.