மைதானத்தில் ஒரு பெயர்

நேயர்களுக்கு வணக்கம். மைதானத்தில் ஆட்டக்காரர் பெயரை ஒலிபெருக்கியில் சொல்கிற அறிவிப்பாளரை யாரும் பார்ப்பதில்லை, கேட்பதோடு சரி. அமெரிக்காவில் அந்த வேலைக்கு அளவுகோலாக நின்றவர் பாப் ஷெப்பர்ட். நியூயார்க் யாங்கீஸ் பேஸ்பால் அணிக்காக 1951 ஏப்ரல் 17 அன்று மைக் முன் உட்கார்ந்தார். அந்த அணியின் நட்சத்திர வீரர் மிக்கி மேண்டிலின் முதல் ஆட்டமும் அன்றுதான். 2007 செப்டம்பர் வரை 4,500 ஆட்டங்களுக்கு மேல் அவர் குரலில்தான் நடந்தன. இதில் பெரும்பகுதிக் காலம் அவருடைய முழுநேர வேலை வேறு: பேச்சுப் பயிற்சி ஆசிரியர்.

அந்தப் பேச்சுப் பயிற்சி மைதானத்தில் ஏன் தேவைப்பட்டது? ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். நூறு மீட்டர் தள்ளியிருக்கும் ஸ்பீக்கரில் கிளம்பும் சொல், அறிவிப்பாளர் காதுக்கு ஏறக்குறைய 0.3 நொடி கழித்தே வரும். எதிர்ச்சுவரில் மோதித் திரும்புவது இன்னும் பிந்தும். தன் குரலே 0.2 நொடி தாமதித்துக் காதில் விழுந்தால் பெரும்பாலோருக்கு நாக்கு குழறும், சொற்கள் இழுபடும். புதியவர்கள் முதல் நாளே திணறுவது இதனால்தான். காதை மூடும் ஹெட்ஃபோனில் தன் குரலை நேரடியாகக் கேட்டுக்கொண்டால் பாதித் தொல்லை தீரும்.

மீதிப் பாதி ரசிகர்கள் பக்கம். முதல் சொல்லின் எதிரொலி அடங்குவதற்குள் அடுத்த சொல்லைச் சொன்னால் இரண்டும் கலந்து கூழாகிவிடும். உயிரொலிகள் கேட்கும், மெல்லிய மெய்யொலிகள் காணாமல் போகும். ஒலியளவைக் கூட்டினால் எதிரொலியும் சேர்ந்து கூடும், பயனில்லை. இடைவெளி விடுவதைத் தவிர வேறு வழி கிடையாது. ஷெப்பர்ட் முறை இது: ஆடும் இடம், எண், பெயர், மறுபடியும் எண். யாங்கீஸ் வீரர் ராஜர் மாரிஸை இப்படி அழைப்பார்: 'ரைட் ஃபீல்டர்... நம்பர் 9... ராஜர் மாரிஸ்... நம்பர் 9.' கூச்சலில் முதல் எண் தப்பினாலும் இரண்டாவது கிடைக்கும். குரலை உயர்த்தவே மாட்டார். சொந்த அணிக்கும் எதிரணிக்கும் ஒரே தொனி. இன்று பல மைதானங்களில் பெயரை நீட்டி முழங்குகிறார்கள். உற்சாகம் வருகிறது, பெயர்தான் விளங்குவதில்லை.

உச்சரிப்பில் சந்தேகம் இருந்தால் ஷெப்பர்ட் ஆட்டத்துக்கு முன்பே அந்த ஆட்டக்காரரிடமே போய்க் கேட்டுவிடுவார். கேட்டதை அசை பிரித்து, அழுத்தம் விழும் அசைக்கு அடிக்கோடிட்டு அட்டையில் எழுதிக்கொள்வது இந்தத் தொழிலில் நல்ல பழக்கம். பேசி முடித்ததும் மைக் சுவிட்சை அணைப்பதும் அப்படித்தான். மறந்தால் பக்கத்து நாற்காலி அரட்டை மைதானம் முழுக்கக் கேட்கும்.

இனி திரைக்கு வருவோம். மாரிஸும் மேண்டிலும் 1961-இல் ஹோம் ரன் (பந்தை எல்லைக்கு வெளியே அடிப்பது) சாதனையைத் துரத்திய கதையை, 2001-இல் பில்லி கிரிஸ்டல் இயக்கத்தில் எச்பிஓ தொலைக்காட்சி '61*' என்று படமாக்கியது. யாங்கீ மைதானமாகக் காட்டியது டெட்ராய்ட்டின் டைகர் ஸ்டேடியத்தை. நடிகர்கள் வேறு, இடம் வேறு. அறிவிப்புக் குரல் மட்டும் அசல். நாற்பது ஆண்டுகளுக்கு முன் நிஜ மாரிஸை அழைத்த அதே ஷெப்பர்ட், தொண்ணூறை ஒட்டிய வயதில் நடிகரை அழைத்தார்.

படங்களுக்கு இப்படிப்பட்ட குரலை எதிரொலி இல்லாத அறையில் பதிவு செய்து, மைதான எதிரொலியையும் கூட்டச் சத்தத்தையும் ஒலிக்கலவையில் சேர்ப்பது வழக்கம். எதிரொலியோடு பதிவானதைப் பிறகு முழுமையாகப் பிரித்தெடுப்பது கடினம். சிக்கல் வேகத்தில்தான். அறையில் எதிரொலி கேட்காததால், பேசுபவர் செய்தி வாசிப்பதுபோல் விரைந்து முடித்துவிடுவார். பிறகு எதிரொலி சேர்த்தால் சொல்மேல் சொல் ஏறிவிடும். அங்கே இல்லாத எதிரொலிக்கும் இடம்விட்டுப் பேசத் தெரிய வேண்டும்.

யாங்கீஸ் வீரர் டெரெக் ஜீட்டருக்காக ஷெப்பர்ட் பதிவு செய்துகொடுத்த அறிவிப்பு, ஜீட்டர் 2014-இல் ஓய்வு பெறும்வரை சொந்த மைதானத்தில் ஒலித்தது. நேரில் பேசுபவர் கைதட்டல் தணியும்வரை காத்திருப்பார், பதிவு காத்திருக்காது. பொத்தானை எந்தக் கணத்தில் அழுத்துவது என்பது அப்போது ஒலிக்கட்டுப்பாட்டு அறையில் இருப்பவரின் வேலையாகிவிடுகிறது.