‘ஒப்புக்கொடுத்தார்’: ரோமர் நிருபத்தில் தேவகோபம்

[காட்சி: மயிலாடி சாலையோரத்துச் சிற்பப் பட்டறைகள். பின்னணியில் உளிச்சத்தம்.]

கன்னியாகுமரி மாவட்டத்து மயிலாடியைக் கல்லில் சிலை வடிக்கும் சிற்பிகளின் ஊராகத் தமிழகமும் கேரளமும் அறியும். நம் சபைகளோ, 1806-ஆம் ஆண்டில் மிஷனரி ரிங்கல்தௌபே ஐயர் வந்து தங்கிய ஊராகவும், 1809-இல் தென்திருவிதாங்கூரின் முதல் சீர்திருத்தத் திருச்சபை ஆலயம் எழும்பிய ஊராகவும் அதை நினைவுகூருகின்றன. உளிச்சத்தமும் ஆலய மணியும் ஒருங்கே கேட்கும் இந்த மண்ணில், விக்கிரக வழிபாட்டின்மேல் தேவகோபத்தை அறிவிக்கும் ரோமர் முதல் அதிகாரம் வாசிக்கப்படும்போது நம்மில் பலருடைய மனக்கண் முன் வந்து நிற்பது அயலவரின் பட்டறையும் அயலவரின் கோவிலுமே. களியக்காவிளைக்கு அருகே ஓய்வுநாள் பள்ளியில் உட்கார்ந்து அந்த வசனங்களை மனப்பாடம் செய்த நாட்களில் நானும் அப்படித்தான் கேட்டேன். அப்படிக் கேட்பது தவறு என்பதை, அப்போஸ்தலனாகிய பவுல் ரோமாபுரிச் சபைக்கு எழுதிய அந்த நிருபமே, அந்தக் கடிதமே, காட்டுகிறது.

[காட்சி: திறந்த வேதாகமம், ரோமர் 1:18–25.]

ஏறத்தாழ கி.பி. 57-இல், கொரிந்து பட்டணத்திலிருந்து பவுல் இந்த நிருபத்தை எழுதினார். பதினெட்டாம் வசனத்தில் தேவகோபத்தைப் பற்றிப் பேசத் தொடங்கும் அவர், சத்தியத்தை அடக்கிவைக்கிற மனிதரையே முதலில் குற்றஞ்சாட்டுகிறார். சிலையைப் பற்றிய பேச்சு இருபத்துமூன்றாம் வசனத்தில்தான் வருகிறது. இடையில் அவர் சுட்டும் குற்றம் நம்மை நின்று யோசிக்கவைக்க வேண்டும்: அவர்கள் தேவனை அறிந்தும், அவரைத் தேவனென்று மகிமைப்படுத்தவில்லை, அவருக்கு நன்றி செலுத்தவும் இல்லை. கையில் உள்ளதெல்லாம் பெற்றுக்கொண்டது என்பதை மறந்த உள்ளம் வெறுமையாக நிற்பதில்லை. பெற்ற பொருளையே கொடுத்தவருடைய இடத்தில் ஏற்றிவைக்கிறது. தேவனுடைய மகிமையைச் சிலைகளின் சாயலாக ‘மாற்றினார்கள்’ என்று பவுல் சொல்லுவது இந்தக் கைமாற்றத்தைத்தான். அறுப்பின் பண்டிகையில் ஸ்தோத்திரமாகப் படைக்கப்பட்ட வாழைக்குலை, ஏலத்தில் யாருடைய குடும்பம் பெரியது என்பதை நிரூபிக்கும் பொருளாகிவிடும்போது, இந்தக் கைமாற்றம் ஆலய முற்றத்திலேயே நடந்துவிடுகிறது என்று அஞ்சுகிறேன்.

[காட்சி: யாத்திராகமம் 32. நெருப்பில் உருகும் பொன்.]

பவுலின் சொற்களுக்குப் பின்னால் சீனாய் மலையடிவாரம் இருக்கிறது. ‘புல்லைத் தின்கிற மாட்டின் சாயலாகத் தங்கள் மகிமையை மாற்றினார்கள்’ என்று அந்த நாளை 106-ஆம் சங்கீதம் நினைவுகூருகிறது. அதே சொல்லைத்தான் பவுல் எடுத்தாளுகிறார். மோசே இறங்கிவரத் தாமதித்ததால் பொறுமையிழந்த மக்கள், மனைவிகள், குமாரர், குமாரத்திகளுடைய காதுகளிலிருந்த பொன்னணிகளைக் கழற்றி மோசேயின் அண்ணன் ஆரோனிடம் கொண்டுவந்தார்கள். அடிமைகளாக இருந்தவர்களுக்கு அந்தப் பொன் எங்கிருந்து வந்தது? எகிப்தை விட்டுப் புறப்பட்ட இரவில் தேவதயவினால் அவர்கள் கைக்கு வந்த பொன் அது. விடுதலையின் அடையாளத்தை உருக்கித்தான் கன்றுக்குட்டியைச் செய்தார்கள். அதைவிட நடுங்கவைப்பது, பலிபீடம் கட்டிய பின் ஆரோன் செய்த அறிவிப்பு: “நாளைக்குக் கர்த்தருக்குப் பண்டிகை.” தேவனை மறுதலித்துவிட்டோம் என்று அவர்களில் எவரும் எண்ணியிருக்கமாட்டார்கள். கர்த்தரின் நாமம் உதட்டில் இருந்தது, தொழப்பட்டது பொன்.

இங்கே நம் வீடுகளைப் பற்றிப் பேசாமல் கடந்துபோக என் மனச்சாட்சி இடங்கொடுக்கவில்லை. மார்த்தாண்டத்திலிருந்து பாறசாலை வரைக்கும், எல்லைக்கு இந்தப் புறமும் அந்தப் புறமும், கிறிஸ்தவக் குடும்பங்களில் ஒரு பெண்ணுக்குச் சம்பந்தம் பேசும்போது எத்தனை பவுன், எவ்வளவு சீதனம் என்ற கேள்வி ஜெபத்துக்கு அடுத்தபடியாக எழுகிறது. சில வீடுகளில் ஜெபத்துக்கு முன்பே எழுகிறது. விடியுமுன் ரப்பர் பால் வெட்டப் போய், ஷீட் விற்றுச் சேர்த்த தகப்பனின் பணம் நகைக்கடைக்குப் போகிறது; ஒரு துண்டு நிலம் ஈடாகிறது; அதன்பின் ஆலயத்தில் திருமண அறிவிப்பான ஓலை வாசிக்கப்பட்டு, கர்த்தருடைய நாமத்தில் திருமணம் நடக்கிறது. பொருளாசையே விக்கிரகாராதனை என்று கொலோசெயர் மூன்றாம் அதிகாரம் வெளிப்படையாகச் சொல்லியிருக்க, நாம் இன்னும் மயிலாடிப் பட்டறையையே பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

[காட்சி: திரையில் மூன்று வசனங்கள்: 24, 26, 28. ஒரே சொல் ஒளிர்கிறது.]

இப்படிப்பட்ட மனிதரிடத்தில் தேவகோபம் எவ்விதமாக வெளிப்படுகிறது? கோபம் என்றதும், குடித்துவிட்டு வந்து கையில் கிடைத்ததை எறியும் தகப்பனை நினைத்துக்கொள்பவர்கள் நம்மில் உண்டு. அந்த நினைவோடு இந்த அதிகாரத்தைக் கேட்பவர்களுக்காக இதைச் சற்று நிதானமாகச் சொல்ல விரும்புகிறேன். இங்கே இடியும் இல்லை, மின்னலும் இல்லை. பவுல் மூன்று முறை சொல்லுவது ஒரே சொல்: தேவன் அவர்களை ‘ஒப்புக்கொடுத்தார்’. கிரேக்கத்தில் அது ‘பரெடோகென்’. மனிதன் எதைத் தேடி ஓடினானோ அதன் கையிலேயே அவனை விட்டுவிடுகிறார். தகப்பன் உயிரோடிருக்கும்போதே பங்கு கேட்டு வற்புறுத்தும் மகனுக்குப் பாகப்பத்திரத்தில் கையெழுத்திட்டுக் கொடுக்கும் தகப்பனின் மௌனம் எவ்வளவு கடுமையானதோ, அவ்வளவு கடுமையானது இந்தக் கோபம். இனி வரவிருக்கும் நியாயத்தீர்ப்பின் நாளை இரண்டாம் அதிகாரம் தனியே சொல்லுகிறது. அதை நான் இங்கே குறைத்துக் காட்டவில்லை. ஆனால் முதல் அதிகாரத்தின் கோபம் இன்றைய கோபம்.

அப்படி விடப்பட்ட மனிதரின் வாழ்க்கை எப்படியிருக்கும் என்பதற்குப் பவுல் தரும் நீண்ட பட்டியலில் கொலையும் உண்டு, பொறாமையும் உண்டு. புறங்கூறுதலும், பெற்றோருக்குக் கீழ்ப்படியாமையும், இரக்கமின்மையும் அதே வரிசையில் நிற்கின்றன. கேட்பவன் பிறரை நினைத்துத் தலையசைத்துக்கொண்டிருக்கையில், இரண்டாம் அதிகாரத்தின் முதல் வசனம் அவன் பக்கமே திரும்புகிறது: மற்றவர்களைக் குற்றவாளியாகத் தீர்க்கிறவனே, நீ யாரானாலும் சரி, போக்குச்சொல்ல உனக்கு இடமில்லை.

[காட்சி: ஓசியா புத்தகம்.]

ஒப்புக்கொடுக்கிறவர் மனதார ஒப்புக்கொடுக்கிறாரா? ஓசியா தீர்க்கதரிசியின் புத்தகத்தில் எப்பிராயீம் என்பது இஸ்ரவேல் மக்களைக் குறிக்கும் பெயர்; நான்காம் அதிகாரத்தில், எப்பிராயீம் விக்கிரகங்களோடு இணைந்திருக்கிறான், அவனைப் போகவிடு என்கிறார் கர்த்தர். பதினோராம் அதிகாரத்தில் அவரே, எப்பிராயீமே, நான் உன்னை எப்படிக் கைவிடுவேன் என்று கலங்குகிறார். இந்த இரண்டு குரல்களும் ஒரே இருதயத்திலிருந்து வருகின்றன. ஒன்றை மட்டும் பிரசங்கிக்கும் சபை, மற்றதையும் இழந்துபோகும்.

[காட்சி: ரோமர் 8:32 மெதுவாகத் திரையில் எழுகிறது. உளிச்சத்தம் நிற்கிறது.]

ரோமர் நிருபம் எட்டாம் அதிகாரத்துக்கு வரும்போது, முதல் அதிகாரத்தில் மூன்று முறை நம்மேல் விழுந்த அதே வினைச்சொல்லைப் பவுல் மீண்டும் எடுக்கிறார். கிரேக்கத்திலும் அதே சொல், நாம் ஆலயத்தில் வாசிக்கும் பழைய தமிழ் மொழிபெயர்ப்பிலும் அதே சொல். தம்முடைய சொந்தக் குமாரனென்றும் பாராமல், நம்மெல்லாருக்காகவும் அவரை ஒப்புக்கொடுத்தார்.