பின்னலின் நுனிக்கு ஐந்து வயது

நேயர்களுக்கு வணக்கம்.

நீளமாகப் பின்னல் போட்டிருப்பவர்கள் அதன் நுனியை ஒரு நிமிடம் கையில் எடுத்துப் பாருங்கள். தலைமுடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாக வளர்கிறது. பின்னல் இடுப்பைத் தொடுகிறது என்றால், அந்த நுனி தலையிலிருந்து வெளியே வந்து ஐந்து வருடமாவது ஆகியிருக்கும். ஐந்து வருட வெயில், ஐந்து வருடத் துவட்டல், தினமும் சீப்பு. சிலருக்குச் சாயம், சிலருக்குச் சூடான இரும்பு. அதே இழையின் வேர்ப்பக்கம் போன வாரம்தான் முளைத்தது. நான் இன்றைக்குப் பேச வந்த சிலிக்கோன் விஷயத்தை இந்த வயது வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டால்தான் புரிந்துகொள்ள முடியும்.

ஷாம்பு, கண்டிஷனர் தயாரிக்கும் ஆய்வுக்கூடங்களில் பதினெட்டு வருடம் வேலை பார்த்தவள் நான். போன மாதம் எங்கள் குடியிருப்பில் கல்லூரிக்குப் போகும் ஒரு பெண், பாதிக்கு மேல் மீதியிருந்த கண்டிஷனர் பாட்டிலோடு வந்து நின்றாள். "ஆன்ட்டி, இதுல சிலிக்கோன் இருக்காம். முடி மேல பிளாஸ்டிக் பூசுற மாதிரியாம், முடியால மூச்சு விட முடியாதாம். தூக்கிப் போட்டுடவா?" என்றாள். ஏதோ வீடியோவில் பார்த்திருக்கிறாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். ஒரு பக்கம் "சிலிக்கோன் இல்லாதது" என்று பெரிய எழுத்தில் போட்டு விற்கிறார்கள். இன்னொரு பக்கம் சிலிக்கோனைப் போட்டுவிட்டு "சேதமான முடியைச் சரிசெய்யும்" என்று விற்கிறார்கள். இரண்டுமே எனக்கு வருத்தம் தருகிற வாசகங்கள்தான்.

முதலில் மூச்சு விஷயத்தை முடித்துவிடுவோம். தோலுக்கு வெளியே வந்த முடி உயிரில்லாத பொருள். அது மூச்சு விடுவதில்லை, சாப்பிடுவதும் இல்லை. இன்னொன்று, சிலிக்கோன் காற்றை நன்றாகவே உள்ளே விடும். கண்ணில் போடும் கான்டாக்ட் லென்ஸ்களில் ஒரு பெரிய வகை சிலிக்கோன் ஹைட்ரோஜெல்லில் செய்யப்படுகிறது. கருவிழிக்கு ஆக்ஸிஜன் போய்ச் சேர வேண்டும் என்பதற்காகவேதான் அதைத் தேர்ந்தெடுத்தார்கள்.

சரி, சிலிக்கோன் என்பது என்ன? மணலிலிருந்து எடுக்கும் சிலிக்கான் அணுவும் ஆக்ஸிஜன் அணுவும் மாறி மாறிக் கோத்த நீண்ட சங்கிலி அது. சங்கிலியின் இரு பக்கமும் சிறு சிறு கரிமக் கொத்துகள் தொங்கும். சங்கிலி மிகவும் நெகிழ்வானது, அதனால்தான் அந்த வழவழப்பு. சங்கிலியின் நீளத்தை மாற்றினால், தொங்கும் கொத்தை மாற்றினால், கிடைக்கிற பொருளே வேறாகிவிடும். இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் ஃபிரெடெரிக் கிப்பிங் என்ற வேதியியலாளர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தப் பெயரை வைத்தார். கீட்டோன் என்ற கரிமச் சேர்ம வகையைப் போன்றது என்று நினைத்து வைத்த பெயர். அமைப்பு அப்படி இல்லை என்று பிறகு தெரிந்தும் பெயர் ஒட்டிக்கொண்டது. நாமும் இன்றுவரை பலவகைப் பொருட்களை அந்த ஒரே பெயரில் அழைத்து, நல்லதா கெட்டதா என்று மொத்தமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

இப்போது பின்னலின் நுனிக்கு வருவோம். முடியின் மேற்புறம் ஓட்டு வீட்டுக் கூரை மாதிரி, ஒன்றின் மேல் ஒன்றாகச் செதில்கள் அடுக்கியது. புது முடியில் அந்தச் செதில்களின் மேல் ஒரு கொழுப்பமிலம் வேதிப் பிணைப்போடு ஒட்டியிருக்கும். 18-எம்இஏ என்பது எங்கள் துறையில் அதன் சுருக்கப் பெயர். தண்ணீர் பட்டால் உருண்டு ஓடுவதும், இழைகள் ஒன்றோடொன்று வழுக்கிப் போவதும் அதனால்தான். இது எண்ணெய்ப் பிசுக்கு மாதிரி மேலே கிடப்பது அல்ல; ஒருமுறை போனால் திரும்ப வராது. வெயில் அதைத் தேய்க்கும். ப்ளீச்சும் காரமான சாயமும் ஒரே உட்காரலில் வழித்து எடுத்துவிடும். அது போன இடத்தில் முடி தண்ணீரை இழுக்கும், எதிர்மின்னேற்றம் கூடும், செதில்கள் உரசும், சிக்கு விழும். சிக்கை இழுத்தால் முடி அறுகிறது. பல பேர் முடி கொட்டுகிறது என்று சொல்வதில் ஒரு பங்கு இப்படி நடுவில் அறுந்ததுதான். சீப்பில் வந்த முடியின் ஒரு முனையில் சின்ன வெள்ளைக் குமிழ் இல்லையென்றால், அது பெரும்பாலும் அறுந்த முடி.

போன அந்த வழவழப்புக்கு மாற்றாகத்தான் சிலிக்கோன் வருகிறது. சரிசெய்வதற்கு அல்ல, மாற்றாக. ஆய்வுக்கூடத்தில் ஈரமான முடிக் கற்றையைச் சீப்பு பொருத்திய கருவியில் இழுத்து, எவ்வளவு விசை தேவைப்படுகிறது என்று அளப்போம். ப்ளீச் செய்த கற்றையில் சீப்பு பாதியிலேயே நின்றுவிடும். பொருத்தமான கண்டிஷனர் போட்டு அலசிய பிறகு அதே கற்றையில் சீப்பு வழுக்கிக்கொண்டு இறங்கும். அந்த வரைபடக் கோடு சட்டென்று தாழ்வதை நூறு தடவை பார்த்தவளுக்கு, சிலிக்கோன் ஏமாற்று வேலை என்று யாராவது சொன்னால் தாங்காது.

ஆனால் எந்தச் சிலிக்கோன்?

எல்லாவற்றுக்கும் மூத்தது டைமெத்திகோன். தண்ணீரில் கரையாது. ஷாம்பும் கண்டிஷனரும் ஒரே பாட்டிலில் என்று 1980களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் வந்த புதுவகை ஷாம்புக்கு ஆதாரமே இதுதான். அழுக்கை எடுக்கிற அதே நுரையிலிருந்து எண்ணெய்த் துளி எப்படி முடியில் தங்கும் என்பது ஒரு புதிராக இருந்தது. ஷாம்பு பாட்டிலில் கெட்டியாக இருக்கும்வரை துளிகள் அதில் மிதந்துகொண்டிருக்கும். நீங்கள் தண்ணீர் ஊற்றி அலசும்போது கலவை நீர்த்து, ஷாம்பில் சேர்த்திருக்கும் நேர்மின்னேற்றமுள்ள பாலிமர் என்ற நீள மூலக்கூறு பிரிந்து, துளிகளைச் சேர்த்துக்கொண்டு முடிமேல் படியும். எனக்கு இன்றும் பிடித்த தந்திரம் இது.

இதில் ஒரு சங்கடம் உண்டு. டைமெத்திகோன் தண்ணீரைப் பிடிக்காத பொருள். அதனால் தண்ணீரைப் பிடிக்காத புது முடியில்தான் நன்றாக ஒட்டும். ப்ளீச் செய்த நுனியில் குறைவாகவே தங்கும். அதாவது, தேவைப்படாத வேர்ப்பக்கத்துக்கு நிறைய, தேவைப்படும் நுனிக்குக் கொஞ்சம். மெல்லிய முடிக்காரர்கள் "இந்த ஷாம்பு போட்டால் முடி தலையோடு ஒட்டிப் படிந்துபோகிறது" என்று சொல்வது பொய்யில்லை.

இந்தச் சங்கடத்துக்கு விடையாக வந்ததுதான் அமோடைமெத்திகோன். அதே சங்கிலி, ஆனால் அங்கங்கே அமைன் என்ற நைட்ரஜன் உள்ள கொத்து. கண்டிஷனர் லேசான அமிலத்தன்மை உள்ளது; அதில் அந்த அமைன்கள் நேர்மின்னேற்றம் பெறும். சேதமான நுனியில் எதிர்மின்னேற்றம் அதிகம். எங்கே காயமோ அங்கே போய் அது உட்காரும். ஓரளவு படிந்தபின், படிந்த பொருளே அடுத்து வருவதைத் தள்ளிவிடும். அதனால் அடுக்கடுக்காக ஏறுவது குறைவு. சாயம் போட்டவர்களுக்கு எது வாங்கலாம் என்று கேட்டால், பொருட்பட்டியலில் இந்தப் பெயரைத் தேடுங்கள் என்றுதான் சொல்வேன்.

பெயருக்கு முன்னால் "பெக்" என்று போட்டு ஒரு எண் வந்தால், உதாரணமாக பெக்-12 டைமெத்திகோன், அது தண்ணீரில் கரையும் வகை. லேசான பலன்தான், அலசினால் போய்விடும். பினைல் ட்ரைமெத்திகோன் பளபளப்புக்கு.

அப்புறம் சீரம். அந்தச் சின்ன பாட்டிலில் பெரும்பாலும் இருப்பது இரண்டு பொருட்கள். ஒன்றின் பெயர் டைமெத்திகோனால்; அது பிசின் மாதிரி கெட்டியானது. மற்றொன்று சைக்ளோபென்டாசிலாக்சேன், வளையமாக மூடிய சின்ன மூலக்கூறு. வளைய வகையின் வேலை, கெட்டியானதைக் கரைத்து, முடி முழுவதும் மெல்லியதாகப் பரப்பி, தான் ஆவியாகிப் போய்விடுவது. உள்ளங்கையில் தடவியதும் சில்லென்று பட்டுப் போல இருந்து, சற்று நேரத்தில் எண்ணெய்ப் பசையே இல்லாமல் ஆவது இதனால்தான்.

இந்த வளைய சிலிக்கோன்மேல் எனக்கும் கவலை உண்டு, ஆனால் அது முடியைப் பற்றிய கவலை அல்ல. இவை தண்ணீரில் சேர்ந்தால் எளிதில் சிதைவதில்லை. சீரத்தில் இருக்கும் அந்த சைக்ளோபென்டாசிலாக்சேனுக்கு டி5 என்று சுருக்கப் பெயர். ஐரோப்பிய ஒன்றியம் டி4, டி5 என்ற இரண்டு வளைய வகைகளை, கழுவி விடும் அழகுப் பொருட்களில் 0.1 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்று 2020 ஜனவரி 31 முதல் கட்டுப்படுத்தியது. கழுவாமல் விடும் சீரம் போன்றவற்றுக்கும் 2027 ஜூன் முதல் அதே வரம்பு என்று முடிவு செய்திருக்கிறார்கள். கனடாவில் 2011இல் ஒரு நிபுணர் குழு டி5ஐ ஆராய்ந்து சுற்றுச்சூழலுக்கு ஆபத்தில்லை என்றது. நிபுணர்களே இரண்டு விதமாகப் பார்க்கும் விஷயம் இது. என் மனம் ஐரோப்பாவின் பக்கம்தான். ஆற்றில் விட்டதைத் திரும்ப எடுக்க முடியாது.

அடுத்தது, சிலிக்கோன் முடியிலேயே தங்கித் தங்கிச் சேர்ந்துவிடும் என்கிற பயம். தண்ணீரில் கரையாது என்றால் கழுவினாலும் போகாது என்று பலரும் நினைக்கிறார்கள். தேங்காயெண்ணெயும்தான் தண்ணீரில் கரையாது. ஷாம்பு போட்டால் போகவில்லையா? நுரை தந்து அழுக்கை எடுக்கும் சோடியம் லாரெத் சல்ஃபேட் உள்ள, சிலிக்கோன் சேர்க்காத ஷாம்பு ஒன்றை எப்போதாவது இடையில் பயன்படுத்தினால் பெரும்பகுதி போய்விடும். பிரச்சினை வருவது நுரை ஷாம்பையே விட்டுவிட்டவர்களுக்கு. சுருட்டை முடி உள்ளவர்கள் பலர் சல்ஃபேட் வேண்டாம், சிலிக்கோனும் வேண்டாம் என்று இருக்கிறார்கள். அது ஜோடியாகப் பிறந்த விதி. வலுவாகக் கழுவுவதில்லை என்பதால்தான் கெட்டிச் சிலிக்கோனைத் தவிர்க்கிறார்கள். அதில் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு, வாரம் மூன்று முறை நன்றாக ஷாம்பு போடுகிற நேர்முடிக்காரர் சிலிக்கோனைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை.

இங்கே என் வீட்டில் நடந்ததைச் சொல்ல வேண்டும். சில வருடங்களுக்கு முன் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் மட்டுமே வரும் ஒரு வாடகை வீட்டுக்குப் போனோம். இரண்டே மாதத்தில் என் முடியும் மகள் முடியும் நார் மாதிரி ஆயின. கண்டிஷனரை மாற்றினேன், சீரத்தை நிறுத்தினேன், ஒன்றும் நடக்கவில்லை. ஒருநாள் குளியலறைக் குழாயில் படிந்திருந்த வெள்ளைப் படிவைச் சுரண்டும்போதுதான் உறைத்தது: அதே கால்சியமும் மக்னீசியமும் தலையிலும் ஏறிக்கொண்டிருக்கின்றன. கடைசி அலசலுக்கு மட்டும் வடிகட்டிய நல்ல தண்ணீர் இரண்டு குடம் எடுத்து வைத்தோம். மெல்ல மெல்லச் சரியானது. உப்புத்தண்ணீர் ஊர்களில் சிலிக்கோனின் தலையில் விழும் பழியில் பாதி தண்ணீருடையது.

எண்ணெய் போதாதா என்றும் கேட்பீர்கள். மும்பையில் செய்து 2003இல் வெளியான ஆய்வு ஒன்று, தேங்காயெண்ணெய் முடிக்குள் புகுந்து புரத இழப்பைக் குறைக்கிறது என்றும், சூரியகாந்தி எண்ணெயோ கனிம எண்ணெயோ அதைச் செய்வதில்லை என்றும் காட்டியது. தேங்காயெண்ணெயில் நிறைய இருக்கும் லாரிக் அமிலம் நேரான சின்ன மூலக்கூறு, அதனால் உள்ளே போகிறது. சிலிக்கோன் பெரிய மூலக்கூறு, வெளியேதான் நிற்கும். எண்ணெய் குளிப்பதற்கு முன் உள்ளே வேலை செய்கிறது, சிலிக்கோன் குளித்த பிறகு வெளியே வேலை செய்கிறது. எங்கள் வீட்டில் இரண்டும் உண்டு.

ஒரு விஷயம் சொல்லாமல் விட மனமில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பேன். 4 சதவீத டைமெத்திகோன் திரவத்தை வைத்து இங்கிலாந்தில் நடந்த சோதனை 2005இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. பத்துப் பேரில் ஏழு பேருக்குப் பேன் போனது. பூச்சிக்கொல்லி விஷம் எதுவும் இல்லை. பேன் தன் உடலிலிருந்து தண்ணீரை வெளியேற்றும் வழியை அது அடைத்துவிடுகிறது. கண்டிஷனரைத் தடவினால் இது நடக்காது, மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் தனித் திரவம் வேண்டும். தடவியிருக்கும்போது அடுப்பு, விளக்குப் பக்கம் பிள்ளையை விடாதீர்கள், சில வகைகள் தீப்பற்றும்.

அந்தப் பெண்ணின் பாட்டிலைத் திருப்பிப் பின்பக்கம் படித்தேன். நம் நாட்டில் ஒரு சதவீதத்துக்கு மேல் உள்ள பொருட்களை அளவு இறங்கும் வரிசையில் எழுத வேண்டும் என்று விதி இருக்கிறது, அதனால் கொஞ்சம் பொறுமை இருந்தால் படித்துவிடலாம். அமோடைமெத்திகோன் இருந்தது. அவள் முடியின் கீழ்ப்பாதி போன தீபாவளிக்குச் செம்பட்டையாகச் சாயம் ஏற்றியது. மேல்பாதி புதுசு, கருகருவென்று இருந்தது. "காதுக்குக் கீழே மட்டும் தடவும்மா, தலைத்தோலில் வேண்டாம்" என்று சொல்லி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தேன்.

வணக்கம்.