பாட்டியின் குடலும் சேலத்துத் திப்பியும்

[காட்சி: சேலம் அருகே ஒரு சேகோ ஆலை. களத்தில் காயும் வெள்ளை மாவு.]

மரவள்ளிக் கிழங்கைத் தோல் சீவி அரைத்து, பாலை வடிகட்டி, மாவைப் படியவிடுகிறார்கள். அந்த மாவுதான் ஜவ்வரிசியாகிறது. சல்லடையில் தங்கிவிடும் சக்கைக்குத் திப்பி என்று பெயர். அது மாட்டுத் தீவனத்துக்குப் போய்விடும்.

[காட்சி: குடலின் வரைபடம்]

நம் வயிற்றுக்குள்ளும் இப்படியொரு பிரிப்பு நடக்கிறது. மாவு சிறுகுடலிலேயே சர்க்கரையாகி இரத்தத்தில் கலந்துவிடும். பெருங்குடல் வரை போய்ச் சேர்வது பெரும்பாலும் நார்தான். 70 கிலோ எடையுள்ளவர் உடலில் சுமார் 38 லட்சம் கோடி பாக்டீரியாக்கள் இருப்பதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். பெரும்பாலானவை பெருங்குடலில் குடியிருக்கின்றன. அவற்றுக்கு இந்தத் திப்பிதான், அதாவது நார்தான், சாப்பாடு. நாரைப் புளிக்கவைத்து அவை தரும் பியூட்டிரேட் என்ற அமிலத்தைக் கொண்டே பெருங்குடல் சுவரின் செல்கள் வாழ்கின்றன.

[காட்சி: அம்மாபேட்டையில் ஒரு வீட்டுத் திண்ணை]

என் பாட்டிக்கு 74 வயது. பல் விழுந்ததும் கீரையும் பயறும் தட்டிலிருந்து போய், ஜவ்வரிசிக் கஞ்சியும் பாலில் நனைத்த ரஸ்க்கும் வந்தன. மலச்சிக்கல் வந்தது. சர்க்கரை ஏறியது. "வயதாகிவிட்டது, அப்படித்தான் இருக்கும்" என்றோம். அப்படிச் சொன்னது தவறு என்று இன்று எனக்குத் தெரிகிறது.

வயது குடலைத் தொடாமல் விடுவதில்லை. குடலின் அசைவு மந்தமாகிறது, மாத்திரைகள் கூடுகின்றன. காயம் பட்ட இடம் சிவந்து வீங்குவது போன்ற மெல்லிய அழற்சி ஒன்று உடலெங்கும் கனன்றுகொண்டே இருக்கிறது. தொப்பையும் நீரிழிவும் சேர்ந்துவிட்டால் அதே குடல் சுவரில் இரண்டாவது அடி விழுகிறது. நீரிழிவு உள்ளவர்களிடம் பியூட்டிரேட் தரும் பாக்டீரியாக்கள் குறைந்திருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. சுவர் தளர்ந்தால் பாக்டீரியாவின் துணுக்குகள் இரத்தத்தில் கசிகின்றன, அழற்சி கூடுகிறது, இன்சுலினுக்கு உடல் செவிசாய்ப்பது இன்னும் குறைகிறது, சர்க்கரை மேலும் ஏறுகிறது. எது முதலில் தொடங்கியது என்று பிரித்துச் சொல்ல முடியாத அளவுக்கு இவை பின்னிக்கிடக்கின்றன.

ஆனால் முதுமை எல்லாருக்கும் ஒன்றுபோல் வருவதில்லை. அயர்லாந்தில் 178 முதியவர்களிடம் நடத்தி 2012இல் வெளியான ஆய்வைப் பாருங்கள். சொந்த வீட்டில் பலவகை உணவு உண்டவர்களின் குடலில் பாக்டீரியா வகைகள் அதிகம் இருந்தன. பராமரிப்பு இல்லங்களில் நீண்டகாலம் தங்கியவர்களிடம் அவை குறைந்திருந்தன. அவர்களின் உடல்நலமும் நலிந்திருந்தது. எல்லாரும் முதியவர்கள்தான். தட்டுதான் வேறு.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நீரிழிவுக்குத் தரும் மெட்ஃபார்மின் மாத்திரையே குடல் பாக்டீரியாவை மாற்றுகிறது. 2015இல் வெளியான ஓர் ஆய்வு, நோயின் விளைவு என்று நினைத்த மாற்றங்களில் சில உண்மையில் அந்த மாத்திரையால் வந்தவை என்று காட்டியது. அதற்காக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.

[காட்சி: சேர்வராயன் மலையில் சாமை வயல்]

மலைமேல் மலையாளி என்ற பழங்குடி மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சாமையும் தினையும் ராகியும் பயிரிட்டு வருகிறார்கள். உமி நீக்கிய பிறகும் தவிட்டை அதிகம் தீட்டாத சாமையில் நார் நிற்கும். சிறுதானியம்தானே என்று அளவில்லாமல் உண்டால் அதுவும் சர்க்கரையை ஏற்றும். நாரை ஒரே நாளில் கூட்டினால் வயிறு உப்பும்; சிறிது சிறிதாகக் கூட்ட வேண்டும், தண்ணீரும் குடிக்க வேண்டும்.

[காட்சி: அடுப்பங்கரை]

பல் இல்லை என்பதற்காகப் பாட்டியின் தட்டில் கீரை இல்லாமல் போக வேண்டியதில்லை. மண்சட்டியில் கீரையையும் பாசிப்பயறையும் குழைய வேகவிட்டு, மத்தால் கடைந்து, சாமைச் சோற்றில் பிசைந்து வைக்கிறேன். முதல் வாரம் இரண்டு கரண்டி மட்டும். மறுவாரம் பாட்டியே கிண்ணத்தை நீட்டினார்.